மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்

உன் பெயரை நாகரத்தினம்மா சொல்லவில்லை.
"அரூர்ப் பக்கம், டிப்ளமோ முடிச்ச பொண்ணு,
திங்கக்கிழம வருது" என்றார், அவ்வளவுதான்.
அட்வான்ஸ் இரண்டு மாதம் என்பார்.
ஒன்றரைக்கு இறங்குவார், கேள்.
கேட்பதை இந்த வீட்டு வாசலிலிருந்தே பழகு.

பீரோவின் இடது கதவுக்குக்
கீழே ஓர் உதை வேண்டும்.
ஐந்தரைக்கு முன் எழுந்தால்தான் வெந்நீர்.
டிசம்பர் மாத ஓசூரைப் பற்றி
யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்,
ஸ்வெட்டரை ஊரில் வைத்துவிட்டு வந்திராதே.

சிப்காட் பஸ் ஐந்து ஐம்பதுக்கு.
முதல் வருடம் முழுக்க வெறும் வயிற்றோடு ஏறினேன்.
ரத்தப் பரிசோதனையில் எட்டு என்று வந்தது,
சரியாகச் சொன்னால் எட்டுப் புள்ளி இரண்டு.
அதை வைத்துக்கொண்டு
எந்த நாற்காலிக்கு ஆசைப்படுவது?
முனை மெஸ்ஸில் காலையிலேயே ராகிக் களி கிடைக்கும்.
கீரைக் குழம்பு சுமார்தான்.
சாப்பிடு.

மூன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை
பிரிண்டரில் யாரோ மறந்துபோன தாள்:
நந்தீஷின் சம்பளச் சீட்டு.
மைக்ரோமீட்டர் பிடிக்க நான் கற்றுக்கொடுத்தவன்.
என்னைவிட ஏழாயிரத்து நானூறு அதிகம்.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
கழிப்பறையில் போய் அழுதேன் என்று எழுதலாம்,
அழவில்லை.
லைனுக்குத் திரும்பி
நூற்றுப்பத்து பிராக்கெட் அளந்தேன்.
ஒன்றுகூடத் தப்பாக அளக்கவில்லை,
அதை நினைத்தால்தான் இப்போதும் கோபம் வருகிறது.

பதினோரு நாள் கழித்துக் கேட்டேன்.
"கல்யாணம் ஆனா போயிடுவீங்களேம்மா"
என்றார் மேலாளர், கனிவாக.
திட்டியிருந்தால் சுலபம்.
நான் கொண்டுபோன தாளில்
குறைந்த ரிஜெக்‌ஷன், மிச்சமான ரூபாய், தேதி வாரியாக.
மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
மின்விசிறிச் சத்தம்.
அந்த மாதிரி மௌனத்தில்
"பரவாயில்ல சார்" என்று நாக்கு தானாக எழும்.
கடித்துக்கொள்.
கடைசியில் அவரே பேசினார்: நாலாயிரம்.
மீதி மூவாயிரத்து நானூறு
இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்குப் போன வாரம்
பாலக்கோட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார்.
பணம் கேட்கவில்லை. இருமினார்.
முப்பதாயிரம் அனுப்பினேன், அதில் வருத்தமில்லை.
ஏடிஎம் கார்டைத் தம்பியிடம் கொடுத்திருந்தேனே,
அதில்தான்.
பணத்தை அனுப்பு,
பின் நம்பரை அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸாப்பில் ஜாதகம் வரும்.
"வேலைக்குப் போகலாம், நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம்."
இந்தப் 'போகலாம்' இருக்கிறதே,
அதைச் சொல்வது யார் என்று பார்.
மாப்பிள்ளை நல்லவனாகவும் இருக்கலாம்.
ஒருவன் இருந்தான், தருமபுரி, பத்திரப் பதிவு ஆபீஸில்.
அவனைப் பற்றி இன்னொரு நாள்.

இவ்வளவு எழுதுகிறவள்
ஜெயித்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துவிடாதே.
ஷிப்ட் இன்சார்ஜ் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன்.
இரண்டாவது முறை நந்தீஷுக்குக் கொடுத்தார்கள்.
கேக் வெட்டியபோது கை தட்டினேன்,
நன்றாகவே தட்டினேன்.
இப்போது அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனி.
சம்பளம் கூட. கன்னடத்தில் எனக்கு
'ஸ்வல்ப'வும் 'பேடா'வும்தான் தெரியும்.
நேற்று ராத்திரி வயிற்றைக் கலக்கியது.
இந்தக் கலக்கம் தீரட்டும், அப்புறம் போகலாம் என்று
இரண்டு வருடம் இந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன்.
மலைக்கோயில் விளக்கு நன்றாகத் தெரியும்,
பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

ரைஸ் குக்கரை உனக்கே விட்டுப் போகிறேன்.
ஹெல்மெட்டும். கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு,
மழையில் கவனம்.

கட்டிலின் ஒரு கால் குட்டை.
அவர்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தை
எட்டாக மடித்து அடியில் சொருகியிருக்கிறேன்.
பெருக்கும்போது எடுத்துவிடாதே,
ஆடும்.